போடியார் வீட்டு றிவோல்வர்

யோகமலர் நாவற்குடாவில் இடியப்பம் அவித்து விற்கிறாள். காலையில் அவிப்பதெல்லாம் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விடும். மிச்சப் பகலில் அவளுடைய போனுக்குப் படங்கள் வரும். துருப்பிடித்தவை, பிடி உடைந்தவை, யாரோ புதுச் சாயம் பூசிக் கெடுத்தவை. எல்லாம் பழைய றிவோல்வர்கள். பெய்ரூட்டில் இருக்கும் வியாபாரி ஒருவன் அனுப்புகிறான். எந்தக் காலத்துச் சாமான், எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எவ்வளவுக்கு மேல் கொடுத்து வாங்கக் கூடாது என்று அவள் அரபியில் குரற்பதிவு அனுப்புவாள். பின்னால் கோழிகள் கத்துவது அவனுக்குக் கேட்கும்.

யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்துமூன்று வயதில் வீட்டு வேலைக்கு லெபனான் போனாள். வீட்டுக்காரர் வேலையை விட்ட ஒரு பல் வைத்தியர். வெள்ளைக்காரரும் பிரெஞ்சுக்காரரும் விட்டுப்போன றிவோல்வர்களைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். சீனி வியாதியில் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி அலுமாரி துடைக்க வந்தவளை நிறுத்தி, இரும்பில் குத்தியிருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் வாசிக்க வைத்தார். பிழையாக வாசித்தால் கைத்தடியால் மேசையில் அடிப்பார். அவளை மேரி என்று கூப்பிட்டார். அது முன்பிருந்த வேலைக்காரியின் பெயர்.

கிரீட முத்திரைக்குக் கீழே எந்த எழுத்து இருந்தால் எந்தக் காலம் என்பது அவளுக்குத் தானாக மனதில் பதிந்தது. அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பழைய இரும்பைச் சுரண்டக் கூடாது. எழுத்துத் தெரியாவிட்டால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பொறுத்திருக்க வேண்டும். ஒரு கீறல் பாதி விலையைத் தின்றுவிடும். சாமானோடு வருகிற கதைகளையும் அவர் நம்பமாட்டார். ஒவ்வொரு கிழட்டு றிவோல்வரும் ஒரு தளபதியைச் சுட்டதாகத்தான் சொல்லுவார்கள், சாட்சி இல்லாத கதைக்கு ஒரு சதமும் கொடுக்காதே என்பார். அவர் செத்ததும் மகன் எல்லாவற்றையும் விற்றான். வாங்க வந்தவர்களுக்கு அவள்தான் வாசித்துக் காட்டினாள். அவர்களில் ஒருவன் அவளுடைய இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டான்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது சொந்த ஊர் வெல்லாவெளியில் சிரித்தார்கள். துவக்குக் கள்ளனுடைய மகளுக்கு வேறு என்ன தெரியும் என்றார்கள்.

அவளுடைய அப்பா தங்கராசா, அழகையாப் போடியாரின் முல்லைக்காரன். போடியாருக்கு வட்டையில், ஊர் வயல்வெளியில், காணி நிறைய. விதைப்பும் வெட்டும் கூலியாட்களை மேய்ப்பதும் முல்லைக்காரன் பொறுப்பு. போடியாரிடம் இரண்டு றிவோல்வர்கள் இருந்தன. ஊருக்கே தெரியும். ஒன்று அவருடைய அப்பன் காலத்தது. நூறு வருடத்துக்கும் முந்தி, இங்கிலாந்து ராணி ஆண்ட நாளில் ஏதோ ஒரு துரை கொடுத்தது. சுடாது, சுவரில் அழகுக்குத் தொங்கும். மற்றது லைசன்ஸ் உள்ளது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில், தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரையிடம் போடியார் வாங்கியது. நெல் வெட்டிச் சூடடிக்கும் காலத்தில் களத்துக் காவலுக்கு அதைத் தங்கராசாவிடம் கொடுப்பார். சூடு முடிந்ததும் தங்கராசா துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

எண்பத்தாறில் இயக்கப் பொடியன்கள் ஊர் ஊராகத் துவக்குச் சேர்க்க வந்தார்கள். போடியார் தன் வேட்டைத் துவக்கைக் கொடுத்தார். சுவரில் தொங்கியதை அதற்குப் பிறகு ஊரில் யாரும் காணவில்லை. லைசன்ஸ் றிவோல்வர் எங்கே என்று கேட்டார்கள். அது முல்லைக்காரனிடம் போனது, திரும்பி வரவில்லை என்றார். தங்கராசா திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னார். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில் சந்தி மருத மரத்தில் உடல் கட்டியிருந்தது. கழுத்தில் அட்டை. 'துவக்குக் கள்ளன்.' எந்த இயக்கம் என்று அட்டையில் எழுதவில்லை. அப்போது யோகமலருக்குப் பன்னிரண்டு வயது.

போடியார் செத்தவீட்டுக்கு வரவில்லை. ஒரு மூட்டை நெல் அனுப்பினார். யோகமலரின் தாய் கண்ணகை அதைத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு வைகாசியில் அம்மன் சடங்கு வந்தது. அம்மனுக்குப் பொங்க நெல் குற்றும் பெண்களை அந்தந்தத் தாய்வழிக் குடியிலிருந்து அழைப்பார்கள். தங்கள் குடியில் கண்ணகைதான் உலக்கை பிடித்து வந்தவள். அந்த வருடம் அழைப்பு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. யோகமலருக்கு வந்த சம்பந்தம் ஒன்று, கள்ளன்ட மகளாமே என்ற பேச்சோடு நின்றது. அவள் கல்யாணம் கட்டாமலே வெளிநாடு போனாள். உழைத்த காசில் நாவற்குடாவில் ஒரு துண்டுக் காணி வாங்கித் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊரை விட்டுப் போனதையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

போன மாசியில் போடியாரின் பேரன் மதுரன் லண்டனிலிருந்து வந்தான். வீட்டை இடித்து வளவை விற்கிற எண்ணம். நெல் அறையின் பலகைத் தரையைக் கிளப்பியபோது அடியில் ஒரு பிஸ்கற் தகரப் பேணி. பேணிக்குள் எண்ணெய்த் துணி. துணிக்குள் ஒரு றிவோல்வர். கொழும்பில் ஒரு வக்கீல் அவனுக்குச் சொல்லியிருந்தார், நூறு வருடம் தாண்டிய புராதனப் பொருள் என்றால் அனுமதி எடுக்கலாம், நல்ல விலைக்கு ஆளும் பார்க்கலாம் என்று. காலம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாவற்குடாவில் ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் போன் எடுத்தான். யாருடைய மகள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போடியார் வீட்டுக்கு முன்வாசலால் அவள் போனது அதுதான் முதல் தடவை. சின்ன வயதில் அப்பாவோடு மாடு அடைக்கும் காலைப் பக்கத்தால்தான் வருவாள். மதுரன் கதிரை போட்டான். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். மரியாதையான பையன். படம் மட்டும் எடுக்க வேண்டாம், சட்டப் பிரச்சினை என்றான். பேணியைக் கண்டெடுத்த மேசன் ஹலீம் பக்கத்தில் நின்றான்.

துணியைப் பிரித்ததுமே வெப்லி கம்பனிச் சாமான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பனி ஏறக்குறைய ஒரே உடலை நாற்பது ஐம்பது வருடம் வார்த்தது. ராணி காலத்துச் சாமானும் இந்த உருவத்தில் உண்டு, உலக யுத்தச் சாமானும் உண்டு. எண்ணெய் இறுகித் தார் போல உடலை மூடியிருந்தது. அதற்குக் கீழேதான் எழுத்து.

மதுரன் சொன்னான்: "இது எங்கட அப்பப்பாட அப்பாவுக்கு வெள்ளைக்காரன் குடுத்ததா இரிக்கும் அக்கா. மற்றதைக் களவெடுத்துட்டாங்களாம். ஆரோ வேலைக்காரன்."

அவள் அதைக் கையில் எடுத்தாள். ராணி காலத்தது என்றால் மதுரன் சொல்வது சரி. அவள் அப்பா கள்ளனாகவே இருப்பார். யுத்த காலத்தது என்றால் இதுதான் அந்த லைசன்ஸ் றிவோல்வர். போடியார் தன் வீட்டுத் தரைக்கடியில் ஒளித்துவிட்டு ஒரு மனிசனை மரத்தில் கட்ட விட்டிருக்கிறார்.

ஹலீம் தன் சாமான் பையிலிருந்து துரு தேய்க்கும் கம்பி பிறஸ் ஒன்றை நீட்டினான்.

"ரெண்டு இழுவை இழுத்தா எழுத்துத் தெரியுமே அக்கா. ஏன் மினக்கெடுறீங்க."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். யோசித்துச் செய்ததல்ல. தோல் கெடாத இரும்பு அது. எண்ணெய்க்கு உள்ளே பழைய நிறம் அப்படியே இருப்பது ஒரு விளிம்பில் தெரிந்தது. அவ்வளவு வருடம் பிறருடைய அலுமாரியைப் பார்த்த கண், அதைத்தான் முதலில் பார்த்தது. ஊறப்போட வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும் என்று சொன்னாள்.

"அப்ப நீங்களே கொண்டு போங்க," என்றான் மதுரன். "இஞ்ச வெச்சா வேலையாக்கள்ர கண் படும்."

கத்தரிக்காய்ப் பைக்குள் பேணியை வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினாள். வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் குடும்பத்திடம் அந்தச் சாமான் இருக்கிறதென்று அப்பாவைக் கொன்றார்களோ, அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு அதைத் தானே கொண்டுபோகிறாள் என்பது பஸ்ஸில் அவளுக்குத் தோன்றவில்லை.

கண்ணகை பேணியைப் பார்த்தாள். தொடவில்லை.

"இதானா?"

"தெரியா அம்மா. எழுத்து எழும்பணும்."

பின்வளவில் ஒரு சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதற்குள் கிடத்தினாள். நாளுக்கொரு தடவை எடுத்துப் பழைய பருத்திச் சீலைத் துண்டால் ஒற்றி, ஈர்க்கால் மெல்லத் தள்ளுவாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தார் இளகியது. கண்ணகை தினமும் காலையில் சட்டியைச் சுற்றிவந்து, எழும்பிட்டா என்று கேட்பாள். நாற்றம் தாங்காமல் கோழிகள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு காலையில் வெயில் சாய்வாக வாசலில் விழுந்த நேரம் யோகமலர் அதைச் சரித்துப் பிடித்தாள். கீறல் ஒன்றும் இல்லை. அந்தப் பல் வைத்தியக் கிழவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு சொல் பாராட்டியிருப்பார், அல்லது மாட்டார். விசைக் குதிரைக்கு மேலே, உடலின் பக்கவாட்டில், சின்ன எழுத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் குத்தியிருந்தன. போர்க்கால மெருகு என்று அர்த்தம். யுத்த நேரத்தில் தேய்த்து மினுக்க அவகாசமில்லை, சொரசொரப்புக்கு எங்களைக் குறை சொல்ல வேண்டாம் என்று கம்பனிக்காரன் தன் மானத்தைக் காப்பாற்றக் குத்துகிற முத்திரை. உலக யுத்தத்துக்கு முந்திய எந்தச் சாமானிலும் அது இருக்காது.

அவள் தாய்க்குச் சொன்னாள். கண்ணகை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப இது லைசன்ஸ்."

"ஓம்."

"அவர் எடுக்கல்ல."

"எடுக்கல்ல அம்மா."

கண்ணகை தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியாதா," என்றாள். பிறகு கோழிகளுக்குத் தீன் போடப் போனாள். தீன் போட்ட பிறகும் அங்கேயே நின்றாள்.

யோகமலர் மதுரனுக்குப் போன் எடுத்தாள். விலை எவ்வளவு போகும் என்றுதான் முதலில் கேட்டான். விலை இல்லை, நூறு வருடம் ஆகவில்லை என்றாள். முத்திரையைச் சொன்னாள். இது பொலிசுக்குப் போக வேண்டிய சாமான், எங்கே எடுத்தது என்பதை அவன் வந்து சொல்ல வேண்டும் என்றாள்.

"நீங்க ஆர்ர மகள் அக்கா?"

"தங்கராசாட மகள். உங்கட அப்பப்பாட முல்லைக்காரன்."

பிறகு எடுப்பதாகச் சொன்னான். எடுக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்து அவள் வெல்லாவெளிக்குப் போனாள். கேற்றில் பூட்டு. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நெல் அறை இருந்த இடத்தில் மண் நிரவிக் கிடந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் அவனுடைய குரற்பதிவு வந்தது. விமான நிலையத்து அறிவிப்புகள் பின்னால் கேட்டன. அதே மரியாதை.

"அக்கா, எங்கட வீட்டில எடுத்தது ஒரு பழைய மணிக்கூடு மட்டும்தான். வேற ஒண்டும் உங்களிட்டத் தரல்ல. நீங்க ஏதோ மாறி விளங்கிட்டீங்க. வீட்டில அப்பிடி ஏதும் இரிந்தா கவனமா இரிங்க."

ஹலீம் களுவாஞ்சிகுடியில் ஒரு கடைக்கட்டுமான வேலையில் நின்றான். அவளைக் கண்டதும் கட்டடச் சாரத்தை விட்டு இறங்கி வந்தான். அவள் கேட்டதைக் கடைசிவரை கேட்டான். தலையைத் தூக்காமல் சொன்னான்:

"நான்தான் எடுத்த அக்கா. அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா துவக்கு எண்ட சொல்லுக்குப் பக்கத்தில என்ட பேர் வந்தா என்ன நடக்கும்? ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு என்ட மச்சான் சும்மா உள்ளுக்குக் கிடந்தவன். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததில்லை. அவன் இன்னொன்றும் சொன்னான். "அண்டைக்கே தேய்ச்சிருந்தா, அந்த ஆளும் நிண்டவர், நானும் நிண்டன், அங்கேயே முடிஞ்சிருக்கும்." குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. சீமெந்துக் கலவையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

வீட்டில் அன்று அவள் இடியப்பத்துக்கு மா குழைக்கவில்லை. சட்டிக்கு முன்னால் இருந்தாள். நடந்ததைத் தாய்க்குச் சொன்னாள். கண்ணகை சட்டிக்குள் கிடந்ததை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப உங்கப்பா களவெடுத்தது இப்பதான்," என்றாள்.

வைத்திருந்தால் மறியல் வீட்டுக்குப் போக வேண்டும். வாவியில் போட்டால் அப்பாவுக்கு இருந்த ஒரே சாட்சியும் போகும். பொலிசுக்கு நேரே கொண்டுபோனால், தங்கராசாவின் வீட்டில் தங்கராசாவின் மகளிடமிருந்து வந்ததென்றுதான் எழுதுவார்கள். யோகமலர் வெல்லாவெளி அம்மன் கோயில் வண்ணக்கரிடம் போனாள். கோயிலை நடத்துகிறவர், பொலிசிலும் பிரதேச செயலகத்திலும் சொல் எடுபடும் ஆள். எண்பத்தாறில் இளந்தாரி. சந்தி மருத மரத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நெல் அறை, பேணி, எழுத்து. எழுத்தின் அர்த்தத்தை இரண்டு தடவை சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். போடியார் செத்துப் பல வருடமாகிவிட்டது என்றார். கோயில் மணிக்கூண்டு கட்ட அவர் குடும்பத்தார் லண்டனிலிருந்து உதவுகிறார்கள் என்றார். எழுத்தை அவளைத் தவிர வாசிக்க ஆளில்லை என்றும், வாசித்தாலும் அது எந்த வீட்டில் கிடந்தது என்று இரும்பில் எழுதியிருக்காது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை.

"புள்ள, நான் ஒரு வழி பார்க்கிறன். உன்ட பேரும் வராது, அவங்கட பேரும் வராது."

கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு அவரே பொலிசில் போய்க் கொடுத்தார். வட்டைக்குள் வாய்க்கால் வரம்பில் கிடந்தது என்று பதிந்தார்கள். வழக்கில்லை, விசாரணையில்லை. அதை நீதிமன்றத்துக்கு அனுப்பி, உத்தரவு வந்ததும் மற்றத் துருப்பிடித்த சாமான்களோடு உடைத்துப் போடுவார்கள் என்று பொலிஸ்காரர் சொன்னாராம். தோல் கெடாத வெப்லி. ஒரு கீறல் இல்லை.

வைகாசி வந்தது. சடங்குக்குக் கோயில் கதவு திறக்க ஒரு கிழமை இருக்கும்போது வண்ணக்கர் ஆள் அனுப்பினார். வந்தவன் வாசலில் நின்று செய்தியைச் சொன்னான். யார் கொடுத்ததென்று தெரிந்து ஊரில் கூடிப் பேசியிருக்கிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகென்றாலும் தங்கராசா வீட்டார் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது பெரிய மனது. அம்மாளும் பொறுத்திருப்பா. இனியும் அந்தக் குடும்பத்தை ஒதுக்குவது சரியில்லை. இந்த முறை நெல் குற்றக் கண்ணகை வர வேண்டும்.

அவன் போன பிறகு யோகமலர் தாயைப் போக வேண்டாம் என்றாள். போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

"போகாட்டியும் அப்பிடித்தான் சொல்லுவானுகள்," என்றாள் கண்ணகை. பெட்டியிலிருந்து சீலையை எடுத்து உதறினாள். "எனக்கு எழுபத்தாறு வயசு மனெ. அடுத்த வைகாசிக்கு என்ட கையால உலக்கை தூக்கேலாது."

அன்று கோயில் வாசலில் பெண்கள் இடம்விட்டு நின்றார்கள். வாங்க கண்ணகையக்கா என்று ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போனது போகட்டும் என்றாள் இன்னொருத்தி. அன்பாகத்தான் சொன்னாள். கண்ணகை உலக்கையை வாங்கினாள். முதல் குத்து உரலின் விளிம்பில் பட்டது. அடுத்தது சரியாக விழுந்தது.

யோகமலர் உள்ளே போகவில்லை. வெளி வீதி மணலில் இருந்தாள். பெண்களின் குரவைச் சத்தத்துக்கு நடுவே உலக்கைகள் மாறி மாறி விழுவது கேட்டது. எது தாயுடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

போனில் ஒரு படம் வந்தது. பெய்ரூட் வியாபாரி. ஒரு வெப்லி. எண்ணெய் இறுகித் தார் போல மூடியிருந்தது. எழுத்துத் தெரியவில்லை, என்ன செய்ய என்று கேட்டிருந்தான்.

கம்பி பிறஸ் எடு, தேய் என்று அரபியில் சொல்லி அனுப்பினாள்.

அவனுக்கு நம்பிக்கையில்லை. விலை போய்விடுமே என்று திருப்பிக் கேட்டான். அவள் போனை மணலில் குப்புற வைத்தாள்.